எலி கடித்த கோல்ஃப் மட்டைகளுக்குக் கிரிப் மாற்றிய விவரம்

கடத்தூர்,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அருண்குமார் அவர்களுக்கு, மாமனார் பெரியண்ணன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை மலர்விழியும் சுகம். அங்கு தாங்களும் ஜெயபிரியாவும் பெங்களூர் மழையில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டுமென்று தினமும் நினைத்துக்கொள்கிறோம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் மட்டை விஷயத்தை ஆரம்பித்ததுமே, "பரவால்ல மாமா, வுடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். மாமனாருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்கிற உங்கள் மரியாதை எனக்குப் புரியாமல் இல்லை. இருந்தாலும் மட்டைகளுக்கு இங்கே என்ன நடந்தது என்பதை முழுசாகச் சொல்லாமல் அனுப்பிவைத்தால், ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பீர்கள்? நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆளைப் பாதி வழியில் இறக்கிவிடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

மாங்காய் சீசனில் நீங்கள் வந்துவிட்டுத் திரும்பும்போது, கார் டிக்கியில் பெங்களூரா ரக மாங்காய்ப் பெட்டி வைக்க இடமில்லை என்று கோல்ஃப் பையை நீங்களே இறக்கி வைத்தீர்கள். நான் வேண்டாம் என்றேன். "மாங்காதான் மாமா முக்கியம்" என்றீர்கள். அந்த வார்த்தையைக் கடைத்தெருவில் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். பையை நனையாத இடமாகப் பார்த்து, நிலக்கடலை மூட்டை அடுக்கியிருக்கிற அறையில் நிறுத்திவைத்தேன். கடலைக்கு வந்த எலிகள் பையையும் விட்டுவைக்கவில்லை என்பது எனக்கு உடனே தெரியவில்லை. போன மாதம் ஜெயபிரியா பேச்சுவாக்கில், உங்கள் கம்பெனி டைரக்டரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் கோல்ஃப் ஆட வேண்டியிருக்கிறது, அவரோடு ஆடுகிறவர்களுக்குத்தான் அந்த ஆபீஸில் மேலே போக வழி திறக்கிறது என்று சொன்னாள். போனை வைத்த கையோடு போய்ப் பையைத் திறந்தேன். கை பிடிக்கிற இடத்தில் இருக்கும் ரப்பர் கிரிப் ஒன்றுகூட முழுசாக இல்லை. சிலவற்றைச் சோளக்கதிர் மாதிரி சுற்றிச் சுற்றிக் கொறித்திருந்தன. சிலவற்றில் வெறும் கம்பிதான் தெரிந்தது. அன்றைக்கு உங்களுக்குப் போன் செய்து எலி கடித்துவிட்டது என்று சொன்னபோது, நீங்கள், "எல்லாத்தையுமா மாமா?" என்றீர்கள். உங்கள் குரல் ஒரு மாதிரி ஆனதைக் கேட்டு எனக்கு மனசு உடைந்துவிட்டது.

ரிப்பேருக்கு ஓசூர் வரைக்கும் போகலாம் என்றுதான் நான் நினைத்தேன். உங்கள் அத்தை விடவில்லை. "எந்தம்பி கடையே வெச்சிருக்கறான், நீங்க ஓசூருக்குப் போறீங்களா? ஊர்ல பாக்கறவங்க என்னா நெனைப்பாங்க?" என்றாள். அவள் தம்பி ராஜாமணியை உங்கள் கல்யாணத்தில் பார்த்திருப்பீர்கள், சாப்பாட்டுப் பந்தியில் மைக் பிடித்தவன். பொம்மிடியில் ஸ்டேஷன் ரோட்டில் பைக்குகளுக்கு சீட் கவர், ஹேண்டில் கிரிப், கண்ணாடி எல்லாம் மாட்டுகிற கடை வைத்திருக்கிறான். பையைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன். ஒரு மட்டையை உருவி, ஆக்ஸிலேட்டர் முறுக்குகிற மாதிரி முறுக்கிப் பார்த்தான். "வண்டிக்குப் போடறதும் இதுக்குப் போடறதும் ஒண்ணுதான் மாமா. ரெண்டையும் புடிக்கறது கைதான?" என்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

புதுக் கிரிப்புகளை அவனே செல்போனில் ஆர்டர் போட்டு வரவழைத்தான். வந்த பெட்டியில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் ஒரு சுருளும், எப்படி மாட்டுவது என்று படம் போட்ட தாள் ஒன்றும் இருந்தன. அவன் டேப்பைத் தூக்கி மேசை டிராயருக்குள் போட்டான். "ஏன்டா, அது வேண்டாமா?" என்று கேட்டேன். "இதெல்லாம் பெட்டி நெறையட்டும்னு கம்பெனிக்காரன் போடறது மாமா. நீங்க டீ குடிங்க" என்றான். நான் டீ குடித்தேன். அந்த டீயை நான் குடித்திருக்கக் கூடாது. நான் டீக்கடையில் இருந்த நேரத்தில் அவன் கம்பிகளில் இன்ஜின் ஆயில் தடவி, கிரிப்புகளை வழுக்கிக்கொண்டு ஏற்றியிருக்கிறான். லூசாக இருந்தவற்றுக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியிருக்கிறான். நான் திரும்பி வந்தபோது எல்லா மட்டைகளையும் கடை முன்னால் வரிசையாகச் சாய்த்துவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தேன். கிரிப்பில் இருக்கிற கம்பெனிப் பெயர் ஒன்றில் வானத்தைப் பார்த்தது, ஒன்றில் பூமியைப் பார்த்தது. இன்னொன்று நடுவில் வீங்கி, தவளையை விழுங்கிய சாரைப்பாம்பு மாதிரி இருந்தது. பெரிய மட்டையில் கிரிப் முழுசாக இறங்கவே இல்லை. குழந்தைக்கு அவசரத்தில் மாட்டிய சாக்ஸ் மாதிரி நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. உங்கள் அத்தையிடம் காட்டினேன். "எந்தம்பி எது செஞ்சாலும் உங்களுக்குக் குத்தந்தான். அழகுக்கா மாப்ள கேட்டாரு? ஆடறதுக்குத்தான கேட்டாரு?" என்றாள். நீங்கள் கேட்கவே இல்லை என்பதை அப்போது நாங்கள் இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

சரி, ஆடித்தான் பார்ப்போம் என்று ஒரு மட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் கடலை பிடுங்கிய காலி நிலத்துக்குப் போனேன். பையில் இருந்த பந்து ஒன்றைக் கீழே வைத்தேன். டி.வி.யில் ஆடுகிறவர்கள் இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டுவார்கள், அதையும் செய்தேன். ஓங்கி வீசினேன். பந்து வைத்த இடத்தில் இருந்தது. கிரிப் என் கையில் இருந்தது. மட்டையைக் காணோம். கொஞ்ச நேரத்தில் பக்கத்து மரவள்ளித் தோட்டத்துக்காரர் இன்னாசி, செடிகளை விலக்கிக்கொண்டு, கம்பியைக் கையில் பிடித்தபடி வந்தார். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறார்.

"பெரியண்ணே, இது உங்களுதுங்களா?"

"ஆமாங்க. எங்க மாப்பிள்ளையுது. உங்களுக்கு ஒண்ணும் ஆவலையே?"

"நல்லவேள, மடை தொறக்கக் குனிஞ்சிருந்தன். தலைக்கு மேல போச்சு. என்னாங்க இது, பன்னி வெரட்டறதுக்கா?"

அவரிடம் விளக்கிச் சொல்லும்போதுதான் எனக்கு விஷயமே உறைத்தது. இன்னாசி மடை திறக்கக் குனிந்தார். உங்கள் டைரக்டர் எதற்காகக் குனிவார்? இந்த மட்டை பெங்களூரில் உங்கள் கையிலிருந்து பறந்து அவர் மேல் போய் விழுந்திருந்தால், மேலே போகிற வழி இருக்கட்டும், வேலை இருக்குமா? என் பெண்ணின் வாழ்க்கை இந்த ரப்பரில் தொங்குகிறது என்று தோன்றிவிட்டது. மறுநாள் காலையிலேயே பொம்மிடிக்கு பஸ் ஏறினேன். ராஜாமணியை நாலு வார்த்தை கேட்டே விடுவது என்று, அந்த நாலு வார்த்தைகளையும் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கடையில் போய் நின்றால், அவன் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, அங்கே உட்கார்ந்திருந்தவர்களிடம் என்னைக் காட்டி, "பெங்களூரு ஆர்டர்னு சொன்னன் பாருங்க, இவுரு மூலியமாத்தான் வந்துச்சு" என்கிறான். செல்போன் ஸ்டேட்டஸில் அந்தப் போட்டோவை வைத்து, "கோல்ஃப் மட்டைகளுக்கும் கிரிப் மாற்றித் தரப்படும்" என்று எழுதியிருக்கிறான். பக்கத்தில் பெரிய ஷோரூம் வந்த பிறகு அவன் கடைப் பக்கம் வண்டிகள் ஒதுங்குவது குறைந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். அந்தப் போட்டோவை அவன் நான்கைந்து பேருக்குக் காட்டினான். காட்டும்போது அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா இந்தப் பக்கம் வந்தன், பாத்துட்டுப் போலாம்னு" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். டிக்கெட் எடுக்காதவனை ஓடுகிற பஸ்ஸில் தைரியமாகக் கேட்டவன் நான். மச்சினனைக் கேட்க வாய் வரவில்லை.

வேறு வழியில்லாமல், உங்கள் அத்தைக்குத் தெரியாமல் பையை மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். கிரிப்புகளைக் கழற்ற ஒரு சிரமமும் இல்லை. ஆயில் இருந்ததால், கேட்டவுடன் வந்துவிட்டன. பெட்டியில் வந்த தாளை நான் கையோடு எடுத்து வந்திருந்தேன். அதில் இருந்த படங்களைப் பார்த்து, அதே மாதிரி டேப் ஒன்றைத் தர்மபுரியில் வாங்கிவந்து வேலையை ஆரம்பித்தேன். டேப்பைப் பிரித்தால் அது கம்பியைத் தவிர எல்லாவற்றிலும் ஒட்டியது. என் கட்டைவிரல் மோட்டார் சுவிட்சில் ஒட்டிக்கொண்டது. ஒரு கிரிப்பை எப்படியோ பாதி வரைக்கும் ஏற்றினேன். பிறகு அது மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அதைப் பிடித்து மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது வெளியே பைக் சத்தம் கேட்டது. ராஜாமணி. பொம்மிடியில் நான் வந்ததும் வராததுமாய்த் திரும்பிப் போனது அவனுக்கு உறுத்தியிருக்கிறது.

கொட்டகைக்குள் வந்து, தரையில் கிடந்த கிரிப்புகளைப் பார்த்தான். ஒன்றை எடுத்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தான்.

"மாமா, நெசத்தச் சொல்லுங்க. கழண்டு வந்துருச்சா?"

"வந்துருச்சுடா."

"எது?"

"எல்லாமும்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ ஸ்டேட்டஸ் வெச்சிருந்த. எப்பிட்றா சொல்றது?"

அவன் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவான், அதோடு இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு நின்றுவிடும் என்று பயந்துகொண்டிருந்தேன். அவன் செல்போனை எடுத்து யாருக்கோ போட்டான். "சார், ராஜாமணி பேசறன். உங்க மட்டைய இப்ப கொண்டாராதீங்க. இல்லீங்க சார், எனக்கே இன்னும் சரியா வரல. வந்ததும் நானே சொல்றன்" என்றான். ஓசூரிலிருந்து ஒருவர் அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டுக் கேட்டிருந்தாராம், இவனும் சரி என்று சொல்லிவிட்டிருக்கிறான். போனை வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "அந்தத் தாளக் காட்டுங்க" என்றான். எனக்கு அவனை அந்த நிமிஷத்தில் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அவன் அக்காவைக் கட்டியது முதல் பார்க்கிறேன், இப்படி அவன் ஒரு நாளும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு தாளில் இருப்பதுதான் சட்டம் என்று செய்தோம். கம்பியில் இருந்த ஆயில் பிசுக்கைப் பெட்ரோலில் துடைத்தோம். இரண்டு பக்க டேப்பைச் சுருக்கம் இல்லாமல் சுற்றி, நுனியில் மிஞ்சியதைக் கம்பியின் உட்குழாய்க்குள் மடித்துவிட்டோம். கிரிப்பின் அடியில் இருக்கிற ஓட்டையை விரலால் அடைத்து, உள்ளே பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின் மேலும் ஊற்றினால், அந்த வழுக்கலில் கிரிப் ஒரே தள்ளில் இறங்கிவிடுகிறது. பெட்ரோல் காய்ந்ததும் டேப் கவ்விக்கொள்கிறது. தள்ளும்போது யோசிக்கக் கூடாது, நிற்கக் கூடாது, போன் எடுக்கக் கூடாது. நான் மட்டையை இடுக்கிப் பிடித்துக்கொள்ள அவன் தள்ளினான். இன்னாசி பீடியைத் தூரப் போட்டுவிட்டு வந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கம்பெனிப் பெயர் நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னார். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மறுபடி அதே நிலத்தில் வீசிப் பார்த்தோம். எங்கள் மூன்று பேர் கையிலும் மட்டை அப்படியே நின்றது. இன்னாசி அடித்த பந்துதான் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. நாளைக் காலை பெங்களூர் பஸ்ஸில், எனக்குத் தெரிந்த கண்டக்டரிடம் பையை ஒப்படைக்கிறேன். எலக்ட்ரானிக் சிட்டியில் இறக்கித் தருவார். ஞாயிற்றுக்கிழமை தைரியமாக ஓங்கி அடியுங்கள். டைரக்டர் எந்தப் பக்கம் நின்றாலும் பயமில்லை.

நீங்களும் எங்கள் பெண்ணும் எந்தக் குறையும் இல்லாமல், எண்ணியது கைகூடி, கால் வைத்த இடமெல்லாம் விளங்க வேண்டுமென்று உங்கள் அத்தையும் நானும் மனசார வாழ்த்துகிறோம்.

இப்படிக்குத் தங்கள் அன்புள்ள மாமனார்,
பெரியண்ணன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துப் பையில் வைக்கப் போகும் நேரத்தில் ஜெயபிரியா கூப்பிட்டாள். மட்டைகள் தயார், நாளைக்கு வருகிறது என்று சந்தோஷமாகச் சொன்னேன். "ஐயோ அப்பா, உங்கள யாருப்பா செய்யச் சொன்னா?" என்றாள். உங்களுக்கு அந்த ஆட்டம் வரவே வராதாம். மாங்காய் சீசனுக்கு முந்தி ஒரு தடவை டைரக்டர் முன்னால் நீங்கள் பந்தை விட்டுவிட்டு மண்ணையே அடித்துக்கொண்டிருந்ததை ஆபீஸே நின்று பார்த்ததாம். மட்டை ஊரில் இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளத்தான் பையை இங்கே விட்டுவிட்டுப் போனீர்களாம். நான் எலி கடித்த சேதியைச் சொன்ன அன்றைக்கு உங்கள் வீட்டில் கேசரி செய்தீர்களாம். பக்கத்தில் இருந்த ராஜாமணி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அதுக்கென்ன மாமா, ஆயில் போட்டு அரை மணி நேரத்துல பழையபடி பண்ணித் தந்துர்றன்" என்கிறான். நான்தான் வேண்டாம் என்று பிடித்து உட்காரவைத்திருக்கிறேன். பையை அனுப்பவில்லை. இந்தக் கடிதத்தை மட்டும் ராஜாமணி போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்புவான். உங்கள் டைரக்டரின் போன் நம்பரைக் கொடுங்கள், எலி கடித்த விவரத்தை நானே அவரிடம் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.