தேசப்பனின் முதுகுக்கு நான் உரிமை வாங்கிய கதை

ஒருவரைப் படம் எடுக்க அவர் நம் எதிரே நின்றால் போதும். அந்தப் படத்தை விற்க அவர் கையெழுத்து வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கல்யாணமே நின்றுபோகலாம் என்பதை மட்டும் எந்த இணையதளமும் விதிமுறைகளில் எழுதி வைப்பதில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காத்திவாக்கத்திலிருந்து பஸ் பிடித்துப் போய்க் கல்லூரியும் முடித்தேன். (யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம்.) வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில், விளம்பரக்காரர்களுக்குப் படங்களை விற்றுத் தரும் ஓர் இணையதளத்தில் சேர்ந்தேன். நண்டு, படகு, எண்ணூர்ப் புகைபோக்கி என்று எடுத்து ஏற்றினேன். நண்டு ஆட்சேபம் தெரிவிக்காததால் எல்லாம் சுமுகமாகப் போனது.

பிறகு என் மாமா மகன் தேசப்பனை எடுத்தேன். முகத்துவாரத்தில் வலை இழுக்கிறான், பின்னால் புகைபோக்கி, மேலே மேகம். நான் எடுத்ததிலேயே சிறந்த படம். இணையதளம் திருப்பி அனுப்பியது. செய்திக்கு மட்டும் என்றால் அப்படியே விற்கலாமாம். விளம்பரத்துக்கு என்றால், படத்தில் அடையாளம் தெரிகிற ஒவ்வொருவரும் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

என் படம் விளம்பரத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். படத்தில் தெரிவது முதுகும் பாதிக் காதும்தான், இதில் யாருக்கு என்ன அடையாளம் தெரியும் என்று பதில் எழுத உட்கார்ந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே ஒரு பார்வை பார்த்தார்.

"நம்ம தேசப்பன் தான? எடது தோள எறக்கிகினு கீறான் பாரு."

எங்கள் குப்பத்தில் ஆளை அடையாளம் காண முகம் தேவையில்லை. பத்திரத்தை அச்செடுத்து வந்தேன்.

தேசப்பனைக் கரையில் பிடிப்பது கடினம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கடலுக்குப் போகவில்லை. திருவொற்றியூர்க் குப்பத்திலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். பெண் பெயர் ரேவதி. ஒரு திருவிழாவில் அவளைப் பார்த்ததிலிருந்து தேசப்பன் சோற்றில் பாதியை மிச்சம் வைத்தான். இந்தச் சம்பந்தம் கூடி வரவேண்டும் என்று மாமா வேண்டாத சாமி இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தேசப்பன் எனக்கு முறைப்பையன். சின்ன வயதில் ஊரே எங்களை வாயால் கட்டிவைத்திருந்தது. எங்கள் இருவருக்கும் அதில் விருப்பமில்லை. ("உன்னக் கட்னா தெனம் பரீட்ச வெப்ப" என்பான். தேறமாட்டாய் என்று நானும் ஒப்புக்கொண்டிருந்தேன்.)

அன்று காலை அவன் குளித்து, புது வெள்ளைச் சட்டை, வேட்டியோடு இருந்தான். ஆள் தயார், பத்திரம் தயார். காற்றுதான் காகிதத்தை நிற்கவிடவில்லை. கங்கையம்மன் கோயில் முன்மண்டபத்தில் காற்று குறைவு என்று அங்கே கூட்டிப்போனேன். அவன் கையெழுத்துப் போட்டான். படம் எடுத்தவள் என்று நான் போட்டேன். கீழே சாட்சிக்கு ஓர் இடம் இருந்தது. பூசாரி சும்மாதான் இருந்தார், அவரைப் போடச் சொன்னேன். அவர் போட்டுவிட்டு, கைப்பழக்கத்தில் பத்திரத்தின் நான்கு மூலையிலும் குங்குமம் வைத்தார்.

அப்போது கோயில் வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. ரேவதியின் அம்மாவும் தாய்மாமனும் இறங்கினார்கள்.

"இன்னா பூசாரி, இங்க இன்னா நடக்குது?" என்றார் அந்த அம்மா.

பூசாரி பொய் பேசாதவர். "ஒண்ணுமில்லமா. இவங்க ரெண்டு பேரும் கையெழ்த்து போட்டாங்க. நான் சாட்சி."

"இது யாரு பொண்ணு?" என்றார் தாய்மாமன்.

"பையனுக்கு அத்த பொண்ணு. மொறப்பொண்ணு தான்."

இந்த இடத்தில் படிக்காத ஒருத்தியாக இருந்தால் பத்திரத்தைக் கிழித்துப் போட்டிருப்பாள். நான் படித்தவள். ஆவணம் கையில் இருக்கும்போது வாய்ப்பேச்சு எதற்கு என்று, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கி உரக்க வாசித்தேன்.

"நான் பதினெட்டு வயது நிறைந்தவன். யாருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு சம்மதத்துடன் இதில் கையெழுத்திடுகிறேன்."

தாய்மாமன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். "போதும்மா. புரிஞ்சிபோச்சி."

"ஏ, பேஜாரு பண்ணாத, நிறுத்து" என்றான் தேசப்பன்.

பாதியில் நிறுத்தினால் தவறான பொருள் வந்துவிடும் என்பது என் கவலை. "இந்த உரிமையை உலகின் எந்த மூலையிலும், எந்தக் காலத்திலும் திரும்பக் கேட்கமாட்டேன். இது என் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும்."

"வாரிசு வரிக்கும் பேசி முட்ச்சிட்டாங்களா" என்று அந்த அம்மா படியில் உட்கார்ந்தார். தாய்மாமன் அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி ஆட்டோவை நோக்கி நடத்தினார். சத்தம் கேட்டு ஓடிவந்த மாமா என்னைப் பார்த்தார். நான் படிக்கப் போனபோது பீஸ் கட்ட முதலில் உதவியவர் அவர். அதற்காக வருந்துகிறார் என்று முகத்தில் எழுதியிருந்தது.

தேசப்பன் ரேவதிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி என் முன்னால் நீட்டினான். விஷயம் அதற்குள் அங்கே போயிருந்தது.

"அக்கா, அந்தப் பேப்பர்ல இன்னா கீது? சுருக்கமா சொல்லு."

"தேசப்பன் முதுகு படத்த விக்கிறதுக்கு அனுமதி."

"முதுகா?"

"பாதிக் காதும் தெரியும்."

"எவன் வாங்குவான்?" என்றாள்.

அதுவரை அந்தக் கேள்வியை நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

"எங்கம்மா இனி வாய்ப்பேச்ச நம்பாது. வேணாம்னு எழ்திக் குடுத்துரு. அதே பூசாரிய சாட்சி போடச் சொல்லு."

பத்திரத்தின் பின்பக்கத்தில் எழுதினேன்: 'தேசப்பனின் முதுகு, காது மற்றும் மீதமுள்ள எதன் மீதும் எனக்கு எந்தக் காலத்திலும் உரிமை இல்லை. அனைத்தும் ரேவதிக்கே.' பூசாரி கையெழுத்துப் போட்டு மறுபடியும் குங்குமம் வைத்தார். ரேவதி போனில் சொல்லி ஆட்டோவைத் திருப்பி அனுப்பினாள். அந்த அம்மா தாளை மடித்துச் சுருக்குப்பையில் வைத்து, வாயை இழுத்துக் கட்டிய பிறகுதான் மாமா வீட்டில் காபி குடிக்க சம்மதித்தார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சீர்வரிசையோடு அந்தப் பத்திரமும் லேமினேஷன் போட்டு வந்தது.

இப்போது எங்கள் வீட்டு விசேஷங்களில் நான் போனைத் தூக்கினால், பெண்கள் புடவையைச் சரிசெய்வதில்லை. கணவன்மாரை ஒதுக்கி நிறுத்துகிறார்கள். கரண்ட் ஆபீசிலிருந்து ஏதாவது நோட்டீஸ் வந்தால் மாமா முதலில் கதவைச் சாத்துகிறார். "அவ காதுல போட்ராதீங்க, படிச்சிக் காட்டிருவா."

போன மாதம் ரேவதியின் மகனுக்கு மொட்டை போட்டார்கள். அவன் அழுகிற படம் அருமையாக வந்தது. குழந்தை என்றால் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். தயங்கித் தயங்கி ரேவதியிடம் பத்திரத்தை நீட்டினேன். அவள் பேனாவை வாங்கிக்கொண்டு, தன் அம்மா எங்கே இருக்கிறார் என்று ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"எங்க போடணும்னு மட்டும் காட்டுக்கா" என்றாள். "வாயத் தொறக்காத."