சானமாவு மேட்டில் என் எண்ணெய் ஜெயித்தது

புத்தகம் படிக்காதவன் வண்டியில் கை வைத்தால் ஏதாவது ஒரு பாகம் கெடும். படித்தவன் கை வைத்தால் எல்லாப் பாகமும் நன்றாக இருக்கும். வண்டி மட்டும் ஓடாது. இதை நான் எங்கும் படிக்கவில்லை. ஓசூருக்கும் சூளகிரிக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று நானே கண்டுபிடித்தது.

எனக்குத் தேதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், எதிர்வீட்டு முருங்கை முதலில் பூத்த நாள், ஹவுஸ் ஓனர் வாடகையை ஏற்றிய நாள் எல்லாம் கேட்டவுடன் சொல்வேன். இந்தச் சம்பவத்தின் தேதியை மட்டும் எழுதக் கூடாது என்று என் மனைவி செல்வராணி தடை போட்டிருக்கிறாள். ("வருசா வருசம் அன்னிக்குக் கேக்கு வெட்டுவீங்க. வேணாம்.") ஆகவே, கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

அன்று கிருஷ்ணகிரியில் அவளுக்கு அரசு வேலைக்கான தேர்வு. செல்வராணி பாரூர்க்காரி. ஓசூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்டு மாறி மாறி வேலை பார்த்தபடி, கம்பெனி பஸ்ஸில் மற்றவர்கள் தூங்கும்போது படித்தவள். முன்பு இரண்டு முறை மயிரிழையில் தவறியிருந்தது. வயது வரம்பின்படி இதுதான் கடைசி வாய்ப்பு. ஒன்பது மணிக்குத் தேர்வு மையத்தின் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்; அப்புறம் யார் அழுதாலும் திறக்க மாட்டார்கள்.

"பஸ்லயே போயிட்றேங்க" என்றாள்.

நான் விடுவேனா? அருப்புக்கோட்டையிலிருந்து வந்து, ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவன். பஸ்ஸின் தரத்தை யார் கட்டுப்படுத்துகிறார்கள்? என் பைக்கிலேயே அழைத்துப்போவதாக அறிவித்தேன். அறிவித்ததோடு நில்லாமல், தேர்வுக்குப் பைக்கையும் தயார்செய்ய இறங்கினேன்.

அந்தச் சமயத்தில் நான் உராய்வைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். எஞ்சினுக்குள் உலோகமும் உலோகமும் உரசிக்கொள்வதிலேயே பெட்ரோலில் ஒரு பங்கு வீணாகிறது. அதைக் குறைக்க எண்ணெயில் சில ரசாயனங்களைக் கலக்கிறார்கள். மாலிப்டினம் உள்ள ஒரு வகை, உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, புதுச் சீட்டுக்கட்டின் சீட்டுகளைப் போல ஒன்றின்மேல் ஒன்று வழுக்குமாம். எனக்கு அது கவிதையாகப் பட்டது. (செல்வராணிக்கு அப்படிப் படவில்லை. பொது அறிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.)

வெள்ளிக்கிழமை மாலை ஒரு உதிரிபாகக் கடையில் அந்தக் குப்பியை வாங்கினேன். லேபிளில் தயாரித்த தேதி, காலாவதித் தேதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொன்ன அறிவுரை, எல்லாவற்றையும் படித்தேன். மேலே ஒரு கார் படம் போட்டிருந்தது. அதை அலங்காரம் என்று எடுத்துக்கொண்டேன். எஞ்சின் எண்ணெயில் ஊற்றி, சனிக்கிழமை முழுக்க ஓசூருக்குள் ஓட்டிப் பார்த்தேன். சத்தமே மாறிவிட்டது. கறிவேப்பிலை வாங்கப் போனவன் பக்கத்து ஊரான பாகலூர் வரைக்கும் போய்த் திரும்பினேன். அத்தனை சுகம்.

ஞாயிறு காலை நல்ல பனி. கிருஷ்ணகிரி எங்கள் ஊரைவிடத் தாழ்வானது, பெரும்பாலும் இறக்கம்தான். இடையில் சானமாவுக் காட்டை ஒட்டிச் சில மேடுகள் வரும். அதில் ஒன்றில், ஒரு லாரியை முந்துவதற்காக முறுக்கினேன். எஞ்சின் ஆவேசமாகக் கத்தியது. பைக் முந்தவில்லை. இன்னும் முறுக்கினேன். இன்னும் கத்தியது, வேகம் குறைந்தது. லாரி எங்களை விட்டுப் போனது. பின்னால் வந்த டிராக்டரும் போனது. கடைசியில் பால் கேன் கட்டிய ஒரு மொபெட், எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே கடந்து போனது.

"என்னாங்க, இவ்ளோ கத்துது, நகரவே மாட்டேங்குது?"

ஓரம் கட்டினேன். கியர் போட்டேன், கிளட்ச்சை விட்டேன், முறுக்கினேன். விமானம் கிளம்புகிற சத்தம். சக்கரம் சும்மா நின்றது. அப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காரில் கிளட்ச் தனி அறையில் காய்ந்த நிலையில் இருக்கும். என் பைக்கிலோ கிளட்ச் தட்டுகள் எஞ்சின் எண்ணெயிலேயே மூழ்கிக் கிடக்கும். ஒன்றையொன்று இறுகப் பிடித்து எஞ்சினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொடுப்பது அந்தத் தட்டுகளின் வேலை. அவற்றுக்கும் சேர்த்து நான் வழுக்கும் வைத்தியம் பார்த்திருந்தேன்.

வேறு ஒருவனாக இருந்தால் தலையில் கை வைத்திருப்பான்.

"ராணி! வேலை செய்யுது!" என்று கத்தினேன்.

"என்னாது வேலை செய்யுது? வண்டி நிக்குது!"

"அதத்தான் சொல்றேன்! நின்னு போற அளவுக்கு வேலை செய்யுது! உராய்வே இல்ல பாரு! ஆனா கிளட்சுக்கு உராய்வுதான் உயிரு. எல்லா எடத்துலயும் உராய்வு கெட்டது கெடையாது ராணி. நீ நடக்கிறதே உராய்வாலதான்..."

"நடந்துதாங்க போவணும் போல கிருஷ்ணகிரிக்கு!"

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். நுழைவுச்சீட்டை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். என் விளக்கம் அங்கேயே நின்றது.

காட்டுப் பக்கமிருந்து ஒரு வனக்காவலர் வந்தார். "சார், இங்க நிக்காதீங்க. ராகிக் கொல்லைக்கு எறங்குனது இன்னும் திரும்பல."

"எது?"

"பேரு சொன்னாத்தான் போவீங்களா? தும்பிக்கை வச்சினு ஒண்ணு இருக்குமே, அது."

"வண்டி நகரலீங்க."

"சத்தம் மட்டும் ஊருக்கே கேக்குது. அது இன்னானு பாக்க வந்துரப் போவுது. ஆஃப் பண்ணுங்க மொதல்ல."

செல்வராணி யானைக்கும் காத்திருக்கவில்லை, எனக்கும் காத்திருக்கவில்லை. சாலைக்குள் இறங்கி, இரண்டு கையையும் தூக்கி, ஒரு வேனை நிறுத்தினாள். பாகலூரிலிருந்து கொத்தமல்லிக் கட்டுகளை ஏற்றிவந்த வேன். ஓட்டிவந்த வியாபாரி ரஹீம் பாய் தலையை வெளியே நீட்டினார்.

"பாய், கிருஷ்ணகிரிங்களா? பரீட்சைங்க. ஒம்போது மணிக்குக் கேட்டப் பூட்டிருவாங்க."

"ஏறும்மா, ஏறு. ஆனா முன்னாடி ஒரு எடந்தான் இருக்குது. சாரு?"

"அவரு வரல பாய். அவருக்கு இங்க வேலை நல்லா நடக்குது."

வேன் பனிக்குள் மறைந்தது. நானும் வனக்காவலரும் நின்றோம். நான் அவருக்கு மாலிப்டினத்தைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேடு முடியும்வரை பைக்கைத் தள்ளிக்கொடுத்தார். (விளக்கத்தைச் சீக்கிரம் ஊரைவிட்டு அனுப்பும் வேகம் அதில் இருந்தது.) அங்கிருந்து இறக்கத்தில் உருட்டியும், சமதளத்தில் ஊர்ந்தும் சூளகிரி சேர்ந்தேன். அங்கே ஒரு மெக்கானிக்கிடம் எண்ணெயை வடித்து, கிளட்ச் தட்டுகளை மாற்றிக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போனபோது தேர்வே முடியும் நேரம். அவள் உள்ளே போனாளா, கேட்டுக்கு வெளியே நின்றாளா என்பதுகூடத் தெரியாமல் அந்தச் சுவரோரம் நின்றேனே, அப்போது மட்டும் எனக்கு எந்தப் புத்தகமும் ஞாபகம் வரவில்லை.

மணி அடித்தது. கூட்டத்தோடு அவள் வெளியே வந்தாள். பக்கத்தில் வந்ததும் கொத்தமல்லி வாசம் அடித்தது.

"நான் உள்ள போனேன், பின்னாடியே பூட்டுனாங்க" என்றாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒரு கேள்வி வந்துச்சுங்க. உராய்வு ஒரு தேவையான தீமை. வாகனத்துல எந்தப் பாகத்துக்கு அது தேவைன்னு."

"கிளட்ச்!"

"கிளட்ச்தான். நீங்க ரோட்டுல நின்னு கத்துனது அப்படியே காதுல கேட்டுச்சு. நான் சிரிச்சதுக்கு மேற்பார்வையாளர் மொறைச்சாரு."

அவள் தேர்ச்சி பெற்றாள். இன்று எல்லையோரக் கிராமம் ஒன்றின் நிர்வாக அலுவலர். தெலுங்கில் ஆரம்பித்துக் கன்னடத்தில் சண்டை போட்டுத் தமிழில் மனு கொடுப்பவர்களையெல்லாம் அவள் ஒரு மேசைக்கு முன்னால் உட்காரவைத்துப் பேசுவதைப் பார்க்கும்போது, எனக்குச் சட்டை இறுக்கமாகிவிடுகிறது. அந்த வேலையில் என் குப்பிக்கும் பங்கு உண்டு என்பது என் நிலைப்பாடு. "அந்த ஒரு மார்க்கு இல்லன்னாலும் எனக்குக் கெடச்சிருக்கும்" என்பது அவளுடைய நிலைப்பாடு. மதிப்பெண்களைப் பார்த்தால் அவள் சொல்வதுதான் சரி. நான் பார்ப்பதில்லை.

வேலையில் சேர்ந்த அன்று, கூடப் போயிருந்த என்னைத் தாசில்தாரிடம் அறிமுகப்படுத்தினாள்.

"எங்க வீட்டுக்காரருங்க சார். தேவையான தீமை."

அவர் சிரித்த சிரிப்பு பாரூர் வரை எட்டிவிட்டது. அங்கே மச்சினன் பிள்ளைகள் எனக்குத் 'தீமை மாமா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். செல்வராணி மட்டும் சுருக்க மாட்டாள். முதல் சொல்லை அவள் இன்றுவரை ஒருமுறைகூட விட்டதில்லை. இதைப் பெருமையோடு பதிவுசெய்கிறேன்.