கதவுச் சாமான் தேர்வுக் குழுவின் பொற்காலம்

மனித குலம் குகையை விட்டு வெளியே வந்ததும் செய்த முதல் காரியம் கதவு வைத்தது. இரண்டாவது காரியம், அந்தக் கதவுக்கு என்ன கைப்பிடி வைப்பது என்று கூட்டம் போட்டது. இந்த இரண்டாவது காரியத்தை உச்சிக்குக் கொண்டுபோன பெருமை இராயபுரத்தைச் சேரும். அதில் மூன்றில் ஒரு பங்கு அடியேனைச் சேரும்.

வருஷம் 1952. கல்மண்டபத்துக்கு அருகே 'சமுத்திர மகால்' சாப்பாட்டு ஓட்டல் ஏழு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. முதலாளி ஜெயவேல், கப்பல் கம்பெனி ஆட்கள் தங்குவதற்காக மாடியில் புதிதாக இருபத்திரண்டு அறைகள் கட்டினார். கதவுகள் வந்துவிட்டன. பிடியும் பூட்டும் தாழ்ப்பாளும் வரவேண்டும். சாதாரண மனிதர் என்றால் கடைக்குப் போய் வாங்கியிருப்பார். ஜெயவேல் குழு அமைத்தார். தலைவர் அவர். உறுப்பினர், துறைமுக ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்ற தேவப்பிரியம். செயலாளர், ஓட்டல் குமாஸ்தாவாகிய நான்.

பத்து கூட்டங்கள் நடந்தன. வண்ணாரப்பேட்டை இரும்புக்கடை லியாகத் அலி ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சாக்கு மூட்டை நிறைய மாதிரிகள் கொண்டுவந்து கொட்டுவார். ஒவ்வொரு பிடியையும் நாங்கள் மூவரும் வரிசையாகப் பிடித்துக் குலுக்குவோம்.

"விருந்தாளி முதல்ல கைகுலுக்கறது நம்மகூட இல்ல, கதவோட" என்பார் முதலாளி.

"நைனா, இது கதவு தொறக்கற பிடி. பொண்ணுக்கு மாப்ள பாக்கறாப்ல பாத்துகினு கீறீங்களே!" என்பார் லியாகத் அலி.

நான்காவது கூட்டத்தில் பித்தளைச் சிங்க முகம் வந்தது. தேவப்பிரியம் கையை உயர்த்தினார்.

"சிங்கம் வெள்ளைக்காரன் முத்திரை. ஆட்சேபிக்கிறேன்."

"நம்ம சர்க்கார் முத்திரையும் சிங்கம்தானே சார்?" என்றேன்.

"அதில் நாலு சிங்கம். இங்கே ஒன்றுதான் இருக்கிறது."

மீதி மூன்று சிங்கங்கள் கிடைக்கும்வரை விஷயம் 'ஒத்திவைக்கப்பட்டது'.

ஒன்பதாவது கூட்டத்தின் நடுவே ஓர் இடையூறு நேர்ந்தது. கீழே பாத்திரம் துலக்கும் கெங்கம்மா, ஈரப் புடவையோடு வாசலில் வந்து நின்றாள்.

"மொதலாளி, அடுப்படிக்குப் பின்னால நாங்க பொடவ மாத்தற ரூமு கீதே, அதுக்கு உள்தாப்பா இல்ல. ஒருத்தி மாத்தினா இன்னொருத்தி கதவுல கால ஒதச்சிக்கினு நிக்க வேண்டிகீது. ஏழு வருசமா இதே பேஜாரு. இம்மாம் சாமான் வாங்கறீங்களே, ஒரே ஒரு தாப்பா குடுங்க."

குழு அதிர்ந்தது. தேவப்பிரியம் நிகழ்ச்சி நிரலைப் புரட்டிப் பார்த்து, அதில் கெங்கம்மா இல்லை என்பதைக் கண்டுபிடித்தார். முதலாளி வேறு கோணத்தில் ஆராய்ந்தார்.

"உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா தூங்கிடுவீங்க. 'மேற்பார்வை' எப்படிச் செய்யறது?"

"ஈரப் பொடவையோட எவளாவது தூங்குவாளா?"

லியாகத் அலிக்குப் பொறுக்கவில்லை. மூட்டையில் கைவிட்டு ஓர் இரும்புத் தாழ்ப்பாளை எடுத்தார். "இந்தா நைனா. சும்மாவே குடுக்கறேன். நானே மாட்டிட்டும் போறேன்."

"இலவசமா?" தேவப்பிரியம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "குழுவுக்கு லஞ்சம் கொடுக்கப் பார்க்கிறீரா?"

லஞ்சம் நிராகரிக்கப்பட்டது. கெங்கம்மா படியிறங்கிப் போனாள். எங்கள் நேர்மையை நானே குறிப்பேட்டில் பாராட்டி எழுதினேன்.

பத்தாவது கூட்டத்தில் வெள்ளைப் பீங்கான் குமிழ் வென்றது. சீமைச் சரக்கு. கதவைச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். உள்ளிருந்து குமிழைத் திருகியும், வெளியிலிருந்து சாவி போட்டும் திறக்கலாம். ஏழாம் நம்பர் அறையில் ஒன்றை மாட்டிவிட்டு, லியாகத் அலி மத்தியானத் தொழுகைக்குப் போனார். பதினோராவது கூட்டத்தை அந்த அறைக்குள்ளேயே நடத்தினோம். முதலாளி கதவைச் சாத்தினார். 'க்ளிக்' என்றது. கைதட்டினோம். பிறகு குமிழைத் திருகினார். குமிழ் கையோடு வந்துவிட்டது.

மே மாத வெயில். ஜன்னலில் கம்பி. கத்திப் பார்த்தோம், துறைமுகத்தில் ஒரு கப்பல் அதைவிடப் பெரிதாகக் கத்தியது. முக்கால் மணி நேரத்தில் தேவப்பிரியம் கோட்டைக் கழற்றினார், பிறகு சட்டையை. முதலாளியும் நானும் பனியனோடு நின்றோம். அப்போது வெளியே துடைப்பச் சத்தம் கேட்டது.

"யாரு உள்ள?"

"கெங்கம்மா! கதவைத் திற!"

"சாவி எங்க கீது?"

சாவி முதலாளியின் பையில் இருந்தது. பாத்திரம் துலக்குகிறவளிடம் அறைச் சாவி தரலாமா என்பது பற்றி விதி எதுவும் இல்லை. இரண்டு நிமிஷம் யோசித்து, வியர்வை கண்ணில் இறங்கியதும், கதவின் அடியில் தள்ளிவிட்டார். எடுக்கும் ஓசை கேட்டது. திறக்கும் ஓசை கேட்கவில்லை.

"அந்த ரூமுக்குத் தாப்பா போடுவியா மொதலாளி?"

"முதல்ல திற!"

"நீங்க எப்டி கீறீங்க உள்ள? சட்ட போட்டுகினு கீறீங்களா?"

மூவரும் சட்டையைத் தேடினோம்.

"தொறக்கும்போது முத்தம்மா, கோவிந்தம்மா அல்லாரையும் கூப்டறேன். தட்டாம தொறக்கறேன். பரவால்லியா?"

அரை நிமிஷத்தில் தீர்மானம் நிறைவேறியது. தேவப்பிரியம் வாசித்தார்: "பெண் பணியாளர் அறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் பொருத்தப்படும்." கதவு திறந்தது. அவள் ஒருத்திதான் நின்றாள். சாவியை முதலாளி கையில் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு பெருக்கப் போனாள்.

வாக்குத் தவறும் குழு அல்ல எங்களுடையது. மறுநாளே தாழ்ப்பாள் பொருத்தினோம். எந்தப் பக்கம் என்று தீர்மானத்தில் இல்லை என்பதைத் தேவப்பிரியம் சுட்டிக்காட்டினார். ஆகவே வெளிப்பக்கம் பொருத்தினோம். லியாகத் அலி, "இந்தப் பாவம் எனக்கு வாணாம் நைனா" என்று கையை உதறிவிட்டதால், திருகாணிகளை நானே முடுக்கினேன்.

கெங்கம்மா வந்து பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. தேங்காய் கீறும் கத்தியை எடுத்துவந்து ஆறு திருகாணிகளையும் கழற்றினாள். முத்தம்மா பிடித்துக்கொள்ள, அவள் உள்பக்கம் வைத்து முடுக்கினாள். பத்து நிமிஷ வேலை. அதற்குக் கூட்டம் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை.

சாயங்காலம் முதலாளி என் மேஜைக்கு வந்தார். நெற்றியில் சிவப்பாகப் புடைத்திருந்தது.

"எழுதுய்யா புகார்! பொம்பளைங்க ரூம் கதவு தள்ளினா திறக்கல!"

எழுத உட்கார்ந்தேன். தேவப்பிரியம் ஓரமாக நின்றார். அவர் நெற்றியிலும் ஒரு புடைப்பு. மை தொட்ட பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. கதவுச் சாமான் என்பது யாரை வெளியே நிறுத்துவதற்கு என்று பதினோரு கூட்டத்தில் ஒரு தடவைகூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் பதிலைக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டியிருக்கும்: மூன்று பெயர்கள். மூன்றாவது என்னுடையது.