எப்படி டீச்சர் கைதட்டச் சொன்ன ஞாயிறு

ஹைதராபாத் மாநகரத்தில் யாரும் சும்மா வந்துவிட முடியாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ராணுவ முகாம் அல்ல, விமான நிலையமும் அல்ல. போவன்பள்ளியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்க ஹால். ஞாயிறு காலை அங்கே குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்திய அம்மாள், "எப்படி வந்தே?" என்று கேட்காமல் யாரையும் உள்ளே விட்டதில்லை. அதனால் அவர் 'எப்படி டீச்சர்' ஆனார். சொந்தப் பெயர் சங்கத்தின் ஆவணங்களில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக வேரூன்றிய கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பம். ரயில்வேயில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். "வண்டி எப்ப வரும்?" என்று ஊரே அவரைக் கேட்டிருக்கிறது. ஓய்வு பெற்ற மறுநாள் அவர் திருப்பிக் கேட்கத் தொடங்கினார்.

எங்கள் குடியிருப்புக் குழந்தைகள் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்பவர்கள். மிரட்டினால் தமிழில் ஒரு சொல் வரும். "வந்தேன், தின்னேன், தூங்கினேன். தந்தி அடிக்குதுங்க சார்! எப்படின்னு சொன்னாதானே பேச்சு?" என்பார் டீச்சர் என்னிடம். எனவே வருகைப் பதிவே பாடம்.

"பிரசன்ட் மிஸ்."

"நக்கோ, அது வேணாம்! எப்படி வந்தே?"

"லிஃப்ட்ல."

"அது லிஃப்ட் வந்தது. நீ எப்படி வந்தே? குஷியாவா? சோம்பலாவா?"

"பசியா வந்தேன் மிஸ்."

"ஹவ், அதான் சரி! உக்காரு."

இருபது குழந்தைகளும் இப்படி வந்து முடிப்பதற்குள் வகுப்பு நேரத்தில் பாதி போய்விடும். ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் நிர்வாகப் பிரிவில் காலம் தள்ளிய நான், சங்கச் செயலாளர் என்ற முறையில், பாடத்திட்டம் உண்டா என்று எழுத்துமூலம் கேட்டேன். பதில் வரவில்லை. மாறாக, அடுத்த வாரம் குழந்தைகளை ஜன்னலோரம் நிறுத்தி, கீழே நடப்பவர்களை வர்ணிக்கச் சொன்னார். நான் போய்க்கொண்டிருந்தேன்.

"செக்ரட்டரி அங்கிள் முக்கியமா நடக்கிறாரு!" என்று ஒரு பொடியன் கத்தினான்.

டீச்சர் அவனுக்கு இரண்டு சாக்லெட் கொடுத்தார். எனக்குத் தெரிந்த எந்த விதியிலும் இதற்கு மேல்முறையீடு இல்லை.

அந்த வகுப்பில் வாயே திறக்காதவள் சஞ்சனா. ஆறு வயது, தப்பித் தவறிப் பேசினாலும் தெலுங்கு. "செருப்போட தெலுங்கையும் வெளிய விட்டுட்டு வாடா கண்ணு" என்று டீச்சர் வாராவாரம் கெஞ்சுவார். அவளைத் தமிழில் ஒரு முழு வாக்கியம் பேசவைத்தே தீருவது என்று சபதமும் எடுத்திருந்தார்.

ஒரு ஞாயிறு சஞ்சனா தானாகவே எழுந்து நின்றாள். "அப்பா வேகமா கதவைச் சாத்தினாரு. அம்மா சத்தமில்லாம அழுதாங்க. நான் மெதுவா வந்தேன்."

"சபாஷ்!" டீச்சர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "மூணு வாக்கியம்! மூணும் சரி! எல்லாரும் பலமா கைதட்டுங்க!"

எல்லாரும் பலமாகக் கைதட்டினார்கள். பிள்ளைகளைக் கொண்டுவிட வந்து வாசலில் நின்ற பெற்றோர் மட்டும் தட்டவில்லை. சஞ்சனா நின்றபடியே அழுதாள்.

மாலைக்குள் வாட்ஸ்அப் குழு கொதித்தது. "டியூஷனா, போலீஸ் ஸ்டேஷனா? எங்க வீட்டு விஷயம் அவங்களுக்கு எதுக்கு? டீச்சரை மாத்துங்க" என்றார் சஞ்சனாவின் அப்பா. அவசரக் கூட்டம் கேட்டார். முன்னறிவிப்பு போதாது என்று முதல் கூட்டத்தைத் தள்ளிவைத்தேன். கோரம் இல்லை, ஆள் போதாது என்று இரண்டாவதைக் கலைத்தேன். விதிப்புத்தகத்தை அவ்வளவு பிரியமாக நான் அதற்கு முன் புரட்டியதில்லை. மூன்றாவது கூட்டத்தை நிறுத்த வழி தேடிக்கொண்டிருந்தபோது டீச்சரே என் வீட்டுக்கு வந்தார்.

"கைக்கு சார், எதுக்கு இந்தக் கூட்டம் எல்லாம்? நான் வகுப்புல இருந்து நின்னுக்கிறேன்."

"உங்க மேல எந்தத் தப்பும் நிரூபணம் ஆகலையே!"

"குழந்தை என்ன சொல்லுதுன்னு நான் கேக்கவே இல்ல சார். எப்படிச் சொல்லுதுன்னு மட்டும்தான் பாத்தேன்." தன் கைகளைப் பார்த்தார். "கைதட்ட வேற சொன்னேன்."

பிறகு, "அந்த வீட்டுக்குப் போகணும். தனியா போக பயமா இருக்கு, கூட வாங்க" என்றார்.

போனோம். கதவைத் திறந்த அம்மா விலகி நின்றார். அவர் பின்னால் சஞ்சனா. டீச்சர் முழங்கால் வலியோடு தரையில் மண்டியிட்டு அவள் உயரத்துக்கு வந்தார்.

"அன்னிக்கு டீச்சர் சரியா கேக்கலடா கண்ணு. இப்ப சொல்லு, கேக்கறேன்."

சஞ்சனா அவரைப் பார்த்தாள். "பர்லேது டீச்சர்" என்றாள். பரவாயில்லை என்று தெலுங்கில்.

டீச்சர் திருத்தவில்லை. அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மறுவாரம் அவர் வரவில்லை. வேறு ஆள் கிடைக்கவும் இல்லை. குழந்தைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் தெலுங்கில் செழிப்பாக விளையாடுகிறார்கள். சஞ்சனாவும் அம்மாவும் மதுரையில் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஹாலை ஜும்பா வகுப்புக்குக் கேட்டு மூன்று விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. விதிப்படி, ஒரு பருவம் நடக்காத வகுப்பின் ஒதுக்கீட்டை ரத்து செய்ய வேண்டியவன் நான். ஞாயிறு காலை, பத்து முதல் பன்னிரண்டு, தமிழ் வகுப்பு என்றே இன்னும் ஹால் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. கேட்பவர்களிடம், பரிசீலனையில் உள்ளது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.