அப்பாவின் உயிலும் மாப்பிள்ளை மரியாதையும்

கோபம் வந்தால் எனக்குக் காது கேட்காது. குடும்பத்தில் எல்லாரும் இதைச் சொல்வார்கள். நான் ஒப்புக்கொண்டதே இல்லை (சொன்னால் அதற்கும் கோபம்தான் வரும்). ஒரு வீடே கைவிட்டுப் போன பிறகு, வேறு வழியில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

மலேசியாவில் ரெம்பாவ் பக்கத்தில் அப்பாவுக்கு ஒரு வீடு இருந்தது. ரப்பர் தோட்டத்து லாரி ஓட்டிச் சேர்த்த காசில், தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது வாங்கியது. அம்மா போன பிறகு அவரைப் பார்த்துக்கொள்ள நானும் என் கணவரும் அங்கேயே குடிவந்துவிட்டோம். தம்பிக்கு அம்பாங்கானில் மாடி வீடு இருக்கிறது. அதனால் வீடு எனக்கு, மிச்சம் மீதி தம்பிக்கு என்று அப்பா உயில் எழுதச் சொன்னார். மிச்சம் மீதி என்றால் ஒரு பழைய மோட்டார் சைக்கிளும் கொஞ்சம் சேமிப்பும்தான். தம்பியும் சிரித்துக்கொண்டே சரி என்றான்.

அப்பாவுக்கு முழங்கால் வலி, சிரம்பானுக்கு வழக்கறிஞரிடம் போக முடியவில்லை. வழக்கறிஞர் உயிலைத் தட்டச்சு செய்து என்னிடம் கொடுத்தனுப்பினார். வீட்டிலேயே இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு அப்பா கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

அப்பா யாரைக் கூப்பிட்டு வைத்திருந்தார் தெரியுமா? பக்கத்து வீட்டு மலாய் ஆசிரியரையும், மளிகைக் கடைச் சீனரையும். இருவரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர் அடுப்படியில் அவர்களுக்கு மைலோ கலக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளை, மைலோ கலக்குகிறார்! எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

இதற்குப் பின்னால் ஒரு பழைய எரிச்சலும் உண்டு. தம்பி கல்யாணத்தில் முதல் மாலையை என் கணவருக்குப் போடாமல், பெண்ணின் சித்தப்பாவுக்குப் போட்டுவிட்டார்கள். என் கணவர் சாப்பாட்டுப் பந்திக்குப் போவதற்குள் அதை மறந்துவிட்டார். (அவர் மறந்துவிடுவார். அவருக்கும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வது என் வேலை.)

"என்னாப்பா இது? மாப்பிள்ளை குத்துக்கல்லாட்டம் இருக்காரு, கடைக்காரரு வந்து சாட்சி போடுறதா?"

"ஏம்மா கத்துற? யாரு போட்டா என்னா? வெளியாளு போட்டாதான் நல்லதுன்னு லாயரு சொன்னாரு."

"அவரு பேரு உயில்ல எங்கியாச்சும் இருக்கா? இல்லதானே? அப்ப அவரும் வெளியாளுதான்!"

மாப்பிள்ளைக்கு மரியாதை கேட்கப் போய், அவரை வெளியாள் என்று நானே நிரூபித்த அறிவை என்னவென்று சொல்வது!

"எனக்கு எதுக்குலா இதெல்லாம்?" என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நீங்க சும்மா இருங்க!"

அப்பா பயந்துபோய், வழக்கறிஞரைக் கேட்டுவிடச் சொன்னார். போன் போட்டேன்.

"சொத்து கிடைக்கிறவங்க சாட்சி போடக்கூடாதும்மா. அதோட..."

"தெரியும்லா சார், நான் ஒண்ணும் போடல!" என்று வைத்துவிட்டேன்.

கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. என் முகம் தெரிந்தது. 'தாப்பா, தாப்பா', பரவாயில்லை பரவாயில்லை என்று என்னைத்தான் அவர் சமாதானப்படுத்தினார். மைலோவைக்கூடக் குடிக்காமல் கடைக்குப் போய்விட்டார். என் கணவரை வேட்டி கட்ட வைத்து, ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்கார்த்தி, கையெழுத்துப் போடவைத்தேன். போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பிலும் போட்டேன். தம்பிக்குப் புரியட்டும் என்றுதான் போட்டேன்.

"வீடு ஒனக்குத்தாம்மா" என்று சொல்லிச் சொல்லியே அப்பா நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

காரியம் முடிந்து தம்பியோடு வழக்கறிஞரிடம் போனேன். உயிலைப் புரட்டியவர், "இந்தக் கையெழுத்து யாருது?" என்றார்.

"என் வீட்டுக்காரரு!" என்றேன் பெருமையாக.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சாட்சி போட்டவரோட மனைவிக்கு எழுதுனதும் செல்லாதும்மா. அன்னிக்கு போன்ல அதத்தான் சொல்ல வந்தேன்."

உயில் செல்லுமாம். எனக்கு எழுதியது மட்டும் செல்லாதாம். வீடு அப்படியே மிச்சம் மீதியில் விழுந்து, மோட்டாரோடு மோட்டாராகத் தம்பிக்குப் போய்விட்டது. கணவனும் மனைவியும் ஒன்று என்று சட்டம் நினைக்கிறதாம்! சட்டம் எழுதியவர் ஒரு வாரம் எங்கள் வீட்டில் வந்து தங்கிப் பார்க்கட்டும். வழக்கறிஞர் மீது கோபம், சட்டத்தின் மீது கோபம், என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து போன கடைக்காரர் மீதும் கோபம். பாவம், அவர் என்ன செய்வார்.

"நீங்க இங்கியே இருக்கலாம்லாக்கா, யாரு போகச் சொன்னா?" என்றான் தம்பி. இருக்கலாமாம்! பெயர் மாற்றித் தருவதைப் பற்றிக் கேட்டால் மட்டும் "பாக்கலாம்" என்கிறான். போன தீபாவளிக்கு வந்த அவன் மனைவி, திரைச்சீலைக்கு என்று என் அடுப்படிச் சன்னலை அளந்துகொண்டிருந்தாள்.

அவன் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால், வாசலில் கூரியர் வண்டி நின்றதும் ஓடுகிறார்கள். "அங்கிள், மாமாகிட்ட கையெழுத்து வாங்காதீங்க, வீடு போயிரும்!" எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுக்கொண்டே என் கணவரும் சிரிக்கிறார். முன்பு என்றால் ஒரே அதட்டில் அத்தனை வாயையும் மூடியிருப்பேன். இப்போது முடிவதில்லை. வீடு அவர்கள் அப்பாவுடையது.