இடுப்பு வளையும் வண்டிக்கு ஒரு மாலை

பொறியியல் படித்த பெண்ணுக்குக் கிடங்கில் விண்ணப்பிக்காமலே கிடைக்கும் பதவி ஒன்று உண்டு. ஆரத்தித் தட்டு பிடிப்பது.

புனே அருகே சாக்கனில், தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். ரேக்குகளை நெருக்கி இடத்தை மிச்சப்படுத்தும் வரைபடம் என்னுடையது. அதற்காகவே, சரக்குத் தூக்க, இடுப்பு வளையும் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று தசராவையொட்டி வந்திறங்கியது. முதலாளி சேட் பார்த்து ஒப்புக்கொண்டால் என் வேலை நிரந்தரம்.

வண்டிக்குப் போடும் தசரா பூஜையில் பேச அதன் ஜாதகத்தையே தயார் செய்திருந்தேன். (கேட்டவர் யாருமில்லை.) சாதாரண வண்டி திரும்ப அகலப் பாதை வேண்டும். குறுகிய பாதைக்கென்று வந்த வண்டிக்கோ வழவழப்பான தரை வேண்டும். வெளியே லாரியிலிருந்து சரக்கிறக்க இன்னொன்று வாங்க வேண்டும். இந்தத் தலைவலியில்தான் இங்கிலாந்தில் யாருக்கோ தோன்றியது: முழு வண்டியும் ஏன் திரும்ப வேண்டும், முன்பாதி மட்டும் திரும்பட்டுமே!

'இங்கிலாந்து' வரை வந்ததும் மேலாளர் சண்முகம் சார் (புனே கட்கியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்) குறுக்கிட்டார்.

"அரே, அந்தக் கதை யாருக்கும்மா வேணும்? நீ தட்டப் பிடி. சேட்டுக்கு நான் சொல்லிக்கிறேன்."

சொல்லிக்கொண்டே, முன்கம்பத்திலிருந்து ஓட்டுநர் கூரைவரை செண்டுமல்லி மாலையை நைலான் கயிற்றோடு இழுத்துக் கட்டினார். சரியாக இடுப்புக்கு மேலே.

"சார், அது வளையற இடம். அங்க கட்டாதீங்க."

"எத்தனை தசரா பார்த்திருக்கேன்! எல்லா வண்டிக்கும் இப்படித்தான்."

சேட் வந்து நின்றதும் ஓட்டுநர் திருப்பிக் காட்ட, வண்டி வளைந்தது. கயிறு விறைத்து, கூரை விளக்கைப் பிடுங்கி என் தட்டில் எறிந்தது. குங்குமத்தில் பாதி சேட்டின் வெள்ளைச் சட்டைக்கு, பாதி என் முகத்துக்கு. கற்பூரம் மட்டும் அணையவில்லை.

"மேடம் தட்டை ஆட்டிட்டாங்க, சேட்" என்றார் சார், இந்தியில்.

எனக்கு இந்தி மறந்துபோனது.

"ஒண்ணு, வளையும்னு சொன்னேன்! ரெண்டு, நீங்க கேக்கல! மூணு, வரைபடம் என்னோடது! நாலு…"

சிவந்த முகம், கையில் நெருப்பு, புரியாத மொழி. சேட் செருப்பைக் கழற்றினார். கைகூப்பினார்.

"மாதாஜி, என்ன செய்யணும்?"

"ரேக்கை நெருக்கணும்!" என்றேன், இந்தி திரும்பி வந்து.

நெருக்கினார்கள். வேலையும் நிரந்தரமானது. எந்தத் தகுதிக்காக என்று நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

புனே விஷ்ராந்த்வாடியில் எங்கள் வீட்டில் என் குரல் உயர்ந்தால் போதும், கணவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கிறார். "தாயே, எதை நெருக்கணும்?"

எனக்குச் சிரிப்பு வருவதில்லை. சோபாவைச் சுவரோடு நெருக்கச் சொல்லிவிட்டு, மீதிக் கோபத்தைத் தொடர்கிறேன்.