ஏழாம் வகுப்புப் பையின் நிகர எடை

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஜூன் மாதம், பள்ளி திறந்த மூன்றாம் நாள், திண்டிவனத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியின் வாசலில் துர்கா என்கிற ஏழாம் வகுப்பு மாணவி ஷூ லேஸ் கட்டக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. முதுகில் இருந்த பை அவளுக்கு முன்னால் புரண்டு, அவளையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தது. வாட்ச்மேன் ஓடி வந்து முதலில் பையைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. பிறகு பிள்ளையைத் தூக்கினார்.

துர்காவின் எடை இருபத்தெட்டு கிலோ. பையின் எடை பதினொன்று. பாடப் புத்தகம், பயிற்சிப் புத்தகம், பயிற்சிப் புத்தகத்துக்கு விடைப் புத்தகம், இந்தி, பொது அறிவு, நன்னெறி, அட்லஸ், அகராதி, வீட்டுப்பாட நோட்டு, வகுப்பு நோட்டு, இரண்டையும் பார்த்து எழுதும் அழகு நோட்டு என்று உள்ளே ஒரு நூலகமே இருந்தது. அதைத் தாண்டி ஒரு மூலையில் கொஞ்சம் புளிசாதமும் இருந்தது.

டாக்டர் அவளைத் திருப்பி நிறுத்திப் பார்த்தார்.

"இடது தோள் இறங்கிப்போச்சு. இப்படியே விட்டா முதுகெலும்பு வளைஞ்சுடும். புள்ள பாரம் தூக்கவே கூடாது. சக்கரம் வெச்ச பை வருது பாருங்க, அத வாங்கிக் குடுங்க."

அதையே சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்.

துர்காவின் அப்பா பச்சைமுத்து, மயிலம் பக்கம் ஒரு அரசு அலுவலகத்தில் உதவியாளர். அவருக்கு இரண்டு விஷயங்களில் அசையாத நம்பிக்கை. ஒன்று, துர்கா கலெக்டர் ஆவாள். இரண்டு, எதையும் முறைப்படி செய்தால் நடக்கும். மூன்று விலைப்புள்ளி வாங்காமல் அவர் அலுவலகத்துக்குள் ஒரு துடைப்பம்கூட நுழைந்ததில்லை. மகளின் முதுகெலும்பு துடைப்பத்தைவிட மட்டமா என்ன? மூன்று கடை ஏறுவதென்று முடிவு செய்தார்.

ஊரில் சக்கரப் பை விற்றது இரண்டே கடை. மூன்றாவதுக்கு எங்கே போவது? பெயிண்ட் கடை வைத்திருக்கும் நண்பர் சுப்பராயலு கைகொடுத்தார். 'எங்களிடம் சக்கரப் பை இல்லை, இருந்திருந்தால் விலை கூடுதலாக இருந்திருக்கும்' என்று லெட்டர் பேடில் எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார். இனி யாரும் குறை சொல்ல முடியாது.

கோட்டக்குப்பத்துக்காரர் கமாலுதீன் கடையில்தான் பை முடிவாயிற்று. துர்கா ஒரு சின்னப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பச்சைமுத்துவோ பெரியதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நீட்டி மடக்கும் கைப்பிடி, ஏழு ஜிப், ஆறு சக்கரம். சக்கரம் சுற்றினால் அதில் விளக்கு எரியும்.

"சார், புள்ளைக்குச் சின்னதே போதும்" என்றார் கமாலுதீன். வியாபாரி வாயில் வராத வார்த்தை, பாவம், வந்துவிட்டது. "பெருசு காலியாவே மூணு கிலோ. அதுவுமில்லாம எடம் இருந்தா எதையாச்சும் வாங்கி அடைக்கச் சொல்லுவாங்க."

"புள்ள வளருமில்ல பாய்?"

"பைதான் வளருது சார்."

பச்சைமுத்துவின் மனைவி பவுனு குறுக்கே வந்தாள். "ஏங்க, இவ கிளாஸ் மூணாவது மாடியில இருக்குது. சக்கரம் படி ஏறுமா?"

பச்சைமுத்து சிரித்தார். இதற்கெல்லாம் கோப்பில் பதில் தயாராக இருந்தது. "வூட்லேந்து ஸ்கூலுக்கு ரோடு எண்ணூறு மீட்டர். படி மொத்தமே நாப்பத்தெட்டு. எது ஜாஸ்தியோ அதுக்குத்தான் வாங்கணும்."

பெரிய பை வாங்கப்பட்டது. துர்கா சின்னப் பையைத் திரும்பக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை எண்ணூறு மீட்டரும் பை சமர்த்தாக உருண்டு வந்தது. விளக்கும் எரிந்தது. தெருவே நின்று பார்த்தது. துர்காவுக்கே தோள் வலி மறந்து லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளி வாசல் தாண்டி, புதிதாக டைல்ஸ் ஒட்டிய வராண்டாவில் அது கடகடவென்று ஓடியபோது, எட்டு வகுப்புகளில் பாடம் நின்றது. தலைமை ஆசிரியை லூர்துமேரி அறையைவிட்டு வெளியே வந்தார். பதினோரு மணிக்கு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஏறியது: 'மாணவர் நலன் மற்றும் டைல்ஸ் நலன் கருதி, வளாகத்துக்குள் எந்தப் பையின் சக்கரமும் தரையில் படுதல் கூடாது.'

அதாவது, தூக்கிக்கொண்டு போக வேண்டும். பதினொன்றும் மூன்றும் பதினாலு கிலோ. நாற்பத்தெட்டு படி.

பச்சைமுத்து டாக்டர் சீட்டோடு ஓடினார்.

"மேடம், எம்பொண்ணு பாரம் தூக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

லூர்துமேரி சீட்டைக் கண்ணாடி போட்டுப் படித்தார். "சக்கரம் வெச்ச பை வாங்கணும்னு எழுதியிருக்காரு. வாங்கிட்டீங்க இல்ல?"

"வாங்கிட்டேன்."

"அதை உருட்டணும்னு எங்க எழுதியிருக்காரு?"

பச்சைமுத்து சீட்டை வாங்கி முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். எழுதவில்லை. எழுத்தில் இல்லாதது உலகத்தில் இல்லை என்று இருபது வருஷமாக ஜனங்களைத் திருப்பி அனுப்பியவர் அவர். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஆனால் விடவில்லை. ஏழாம் வகுப்புப் பையின் எடை நான்கு கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று கல்வித் துறையின் சுற்றறிக்கை ஒன்று எப்போதோ வந்திருந்ததைத் தோண்டி எடுத்தார். ஏழு இணைப்புகளோடு மனு எழுதிப் பதிவுத் தபாலில் விழுப்புரம் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினார். மனு ஜூலையில் போனது. பதில் ஜனவரியில் ஜீப்பில் வந்தது. அந்த ஆறு மாதமும் துர்கா ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் பையை இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கினாள். வகுப்புப் போட்டோ எடுத்தபோது, "அந்தப் பொண்ணு கொஞ்சம் நேரா நில்லும்மா" என்று போட்டோக்காரர் மூன்று தரம் சொன்னார். அவள் நேராகத்தான் நின்றிருந்தாள்.

ஜீப்பில் வந்த அதிகாரியின் பெயர் ஆதிநாராயணன். நல்ல மனிதர். பையை எடை போட வேண்டும் என்றார். எதில் போடுவது? எடை பார்க்கத்தான் அவருக்கு ஆணை இருந்தது, தராசு கொண்டுவர ஆணை இல்லை. பி.டி. மாஸ்டர் டி.வி.எஸ்.ஸில் பறந்துபோய், நிலக்கடலை வாங்கி விற்கும் மல்லாட்டை மண்டியிலிருந்து எடைக்காரர் மண்ணாங்கட்டியைத் தராசோடு பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தார். முப்பது வருஷமாக மூட்டை நிறுத்த கை. துர்காவின் பையைக் கொக்கியில் மாட்டி, ஒரு கண்ணைச் சுருக்கினார்.

"பதினாலு."

பச்சைமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. நீதி கிடைத்துவிட்டது! நான்கு எங்கே, பதினாலு எங்கே!

மண்ணாங்கட்டி காதிலிருந்த பென்சிலை எடுத்தார். "கழிவு எவ்ளோ போடட்டும் சார்?"

"கழிவா?" என்றார் ஆதிநாராயணன்.

"இன்னா சார் இப்டிக் கேக்கறீங்க? மண்டியில மூட்டைய அப்டியே எடையில ஏத்துவமா? சாக்குக்குக் கழிக்கணும், ஈரத்துக்குக் கழிக்கணும், உள்ள பருப்பில்லாத பொக்குக் காய்க்குக் கழிக்கணும். மீதிதான் சரக்கு."

அதிகாரி சுற்றறிக்கையைப் புரட்டினார். மொத்த எடையா, நிகர எடையா என்று அதில் இல்லை. அவர் முகம் தெளிந்தது. லூர்துமேரியின் முகம் அதைவிடத் தெளிந்தது. காபி வந்தது.

சாக்கு, அதாவது பையும் சக்கரமும், மூன்று கிலோ. கழி. தண்ணீர் பாட்டிலும் சோறும் ஈரம், இரண்டு கிலோ. கழி. நோட்டுகளில் இன்னும் எழுதாத பக்கம் பொக்கு, இரண்டு கிலோ. கழி. இனிமேல்தான் நடத்தப்போகும் பாடங்கள் முற்றாத காய் என்று சொன்னவர் தலைமை ஆசிரியை. அது மூன்று கிலோ. அட்டை, லேபிள், ஜாமெட்ரி பாக்ஸ், குடை எல்லாம் தூசு தும்பில் சேர்ந்தன, ஒரு கிலோ இருநூறு. மண்ணாங்கட்டி கோடு போட்டுக் கூட்டிக் கழித்தார்.

"சரக்கு ரெண்டு கிலோ எண்ணூறு."

"வரம்புக்குள்ளதான் இருக்கு" என்றார் ஆதிநாராயணன்.

துர்கா வாயைத் திறந்தாள். "ஆனா சார், நான் பதினாலு கிலோவையுந்தானே தூக்கிக்கினு போறேன்?"

அதிகாரி சுற்றறிக்கையை மறுபடி புரட்டினார். மண்ணாங்கட்டிதான் அவரைக் காப்பாற்றினார். "பாப்பா, மூட்டை தூக்கறவன் சாக்கையும் சேத்துத்தான் தூக்கறான். அதுக்காவ சாக்கை மல்லாட்டைன்னு சொல்ல முடியுமா?"

சுற்றியிருந்த ஆசிரியர்கள் ஆமோதித்தார்கள். தூக்குவது வேறு, எடை வேறு என்று குறிப்பேட்டில் பதிவாயிற்று. 'சக்கரப் பையில் கழிவு அதிகம் கிடைப்பதால் அதுவே மாணவர் நலனுக்கு உகந்தது' என்று ஆதிநாராயணன் ஒரு பரிந்துரையும் எழுதிவிட்டு ஜீப் ஏறினார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? திண்டிவனத்தில் சக்கரப் பை பரவிற்று. எல்.கே.ஜி. பிள்ளைகூட விளக்கு எரியும் சக்கரம் கேட்டு அழுதது. சாதாரணப் பையோடு வரும் பிள்ளையின் வீட்டை அக்கம்பக்கம் ஒரு மாதிரி பார்த்தது. காலையில் பள்ளி வாசல்வரை ஊரே கடகடத்தது. வாசலுக்குள் நானூறு பிள்ளைகள் நானூறு பைகளைத் தலைக்கு மேலும் இடுப்புக்குப் பக்கத்திலும் தூக்கிக்கொண்டு, டைல்ஸில் ஒரு கீறல் விழாமல் நடந்தார்கள்.

பிப்ரவரியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. லூர்துமேரி மேடையில் நின்று, ஒவ்வொரு மாணவரின் நிகர எடையையும் வாசித்தார். "ஏழாம் வகுப்பு, துர்கா. ரெண்டு கிலோ எண்ணூறு. அரசு வரம்பு நான்கு." கைதட்டல் எழுந்தது.

கூட்டத்தின் நடுவில் பச்சைமுத்து எழுந்தார். மனு போட்டவர் இவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். லூர்துமேரி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பவுனு நம்பிக்கையோடு கணவரை நிமிர்ந்து பார்த்தாள். துர்கா இடது தோளைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் மேல் சாய்ந்திருந்தாள்.

பச்சைமுத்துவுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. எந்தக் கணக்கிலும் ஒதுக்கீட்டை மிச்சம் வைத்துத் திருப்பி அனுப்பியதில்லை அவர்.

"மேடம், ரூல்படி எம்பொண்ணுக்கு நாலு கிலோ உண்டு. நீங்க ரெண்டு எண்ணூறுதான் குடுத்திருக்கீங்க. மீதி ஒரு கிலோ எரநூறு எங்க?"

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "எம்பையனுக்கு ஒன்றரை கிலோ கொறையுது மேடம்!"

"பக்கத்து ஸ்கூல்ல அபாகஸ் குடுக்கறாங்களாம். எங்க புள்ளைங்க மட்டும் இன்னா தொக்கா?"

"வேத கணிதம் போடுங்க!"

"ஃபீஸ் வாங்கறீங்க இல்ல, எடைய முழுசாக் குடுங்க!"

மண்டபமே எழுந்து நின்றது. நெற்றியில் இருந்த கைக்குட்டையை லூர்துமேரி கீழே இறக்கினார். பெற்றோரின் நியாயமான கோரிக்கை அங்கேயே, ஒருமனதாக ஏற்கப்பட்டது. உட்கார்ந்தபோது பச்சைமுத்துவின் கையை மூன்று பேர் பிடித்துக் குலுக்கினார்கள். பவுனு பக்கத்தில்தான் இருந்தாள். அவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

திங்கட்கிழமை, புதுச் சரக்கும் அதற்கான கழிவும் சேர்ந்து பதினாறு கிலோ ஆகிவிட்ட பையைத் தூக்கிக்கொண்டு துர்கா நாற்பத்தெட்டு படியை ஏறத் தொடங்கினாள். முதல் திருப்பத்தில் இறக்கி வைத்தாள், இரண்டாவதில் இறக்கி வைத்தாள், மூன்றாவதில் பையோடு உட்கார்ந்துவிட்டாள். பதிவேட்டின்படி அப்போது அவளிடம் சரியாக நான்கு கிலோ இருந்தது. ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.